கிளட்ச் மிதிக்காத வண்டி

சித்தே இருங்க தம்பி, கதவத் தொறக்காதீங்க. வண்டி எங்கயும் ஓடிப் போயிராது. மொதல்ல இந்தச் சேர்ல உக்காருங்க. மடத்துக்குளத்துல இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருப்பீங்க, தண்ணி குடிங்க. காப்பி குடுக்கலாம்தான், ஆனா வீட்ல பொம்பளைங்க இல்ல. நான் போடற காப்பிய நானே குடிக்க மாட்டேன்.

யுவராஜுங்களா பேரு? நல்லதுங்க. எம்பேரு நாச்சிமுத்து. விளம்பரத்துல பையன்தான் எல்லாம் எழுதிப் போட்டான். ஓசூர்ல இருக்கறான், அங்க உக்காந்துக்கிட்டே செல்லுல எல்லாத்தையும் முடிச்சிர்றான். 'ஒரே ஓனர், நல்ல கண்டிஷன்'னு ஒத்த வரி. ஊர்ல இருக்கற ஓட்ட வண்டிக்கெல்லாம் அதேதானுங்க போடறாங்க. நான் எழுதியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன். கிளட்ச மிதிச்சு ஒரு வாட்டி கூட ஸ்டார்ட் பண்ணாத வண்டின்னு எழுதியிருப்பேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. உங்களுக்கு முன்னால வந்தவங்களும் சிரிச்சாங்க. ஆனா இந்தச் சிரிப்பாணிக் கதையில ஒரு வீடே காலியாயிப் போச்சுங்க. பாருங்க, இத்தன பெரிய வீட்ல நான் ஒருத்தன் கெடக்கறேன். வீட்டுக்காரி பல்லடத்துல தங்கச்சி வீட்ல போயி உக்காந்துக்கிட்டா. வசந்தாமணின்னு பேரு. போன தைக்கு முந்தி போனவ, இன்னும் வரல. இந்த வண்டிய வித்தாத்தான் இந்த வாசப்படி மிதிப்பாளாம். அதுக்காகத்தான் விக்கறேன், காசுக்காக இல்ல. காசு என்னங்க காசு, நீங்க சொல்றத வாங்கிக்கறேன்.

ஆனா ஒண்ணு. யாருக்கு வேணும்னாலும் குடுக்க மாட்டேன்.

ஏன்னு சொல்றேன் கேளுங்க. நான் மில்லுல மெயின்டனன்ஸ் பாத்தவன். ஆயுசுல பாதி பேரிங்கு தேயற சத்தத்தக் கேட்டே போயிருச்சு. ஒரு மிஷின் ஓடித் தேயறத விட, நின்னு கெளம்பறப்பதான் எச்சாத் தேயும். இது மில்லுக்காரங்க அத்தன பேருக்கும் தெரியும். காருக்கும் அதே கதைதான். காலைல வண்டி ஆறிக் கெடக்குது. ராவெல்லாம் ஆயிலு கீழ எறங்கி அடித்தொட்டியில நிக்குது. மேல இருக்கற இரும்பெல்லாம் வறண்டு கெடக்குது. அந்த நேரத்துல நீங்க கிளட்ச மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்புனா என்ன ஆவுது? எஞ்சினுக்குள்ள ஒரு தண்டு சுத்துது பாருங்க, கிராங்குன்னு சொல்வாங்க, நீங்க மிதிக்கற பலம் பூரா அந்தத் தண்டப் புடிச்சு ஒரு பக்கமாத் தள்ளுது. அந்தப் பக்கம் பிறை நெலா மாதிரி ஒரு சின்னத் தகடு நிக்குது. எண்ணெயே இல்லாம அது மேல தண்டு ஒரசுது. அதுபோக கிளட்ச் பேரிங்கு வேற வெட்டியாச் சுத்துது. தெனமும் காலைல இப்படி ஒரு வாட்டி ஒரசுனா, வருசம் போகப் போக என்ன மிஞ்சும்?

மெக்கானிக் சொல்வான், கிளட்ச மிதிச்சா செல்ஃப் மோட்டாருக்குப் பாரம் கொறையுதுன்னு. கொறையும், நான் இல்லீங்கல. கியர்பாக்ஸ் ஆயிலு கெட்டியா ஒறஞ்சு போற ஊருக்கு அது சரி. உடுமலையில எங்கீங்க ஒறையுது? அதனால நியூட்ரல்ல போட்டு, எடது கால கீழ விரிச்சிருக்கற ரப்பர் மேட்டு மேல வெச்சு, கியர இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாத்து, சாவிய ஒரு திருப்பு திருப்பி, பல்பெல்லாம் எரியறதப் பாத்து, பொறவு ஸ்டார்ட் பண்ணோணும். ஆக்சிலேட்டரத் தொடவே கூடாது. ஆயில் பல்பு அணையோணும், எஞ்சின் சத்தம் கீழ எறங்கோணும், அப்பொறந்தான் கிளட்ச். அவ்வளவுதானுங்க. இதுல என்ன கஷ்டம்? ஒரு கால சும்மா வெச்சிருக்கறது ஒரு கஷ்டமா?

எம்பட பையன் இப்ப புதுசா ஒரு வண்டி வாங்கியிருக்கறான். அதுல கிளட்ச மிதிச்சாத்தான் சாவியே வேல செய்யுது. மிதிக்கலீன்னா பொட்டாட்டம் கெடக்குது. இதென்னடா அநியாயம்னு கேட்டேன். சேஃப்டிக்குன்னு சொல்றான். கம்பெனிக்காரன் பேரிங்கு விக்கறதுக்குப் பண்ற வேலைடா இதுன்னு சொன்னேன். அவன் என்னமோ பதில் சொல்ல வந்தான், அப்பொறம் கதவச் சாத்திட்டு உள்ள போயிட்டான். அவன் எப்பவும் அம்மா பக்கந்தான்.

தள்ளி ஸ்டார்ட் பண்றது இருக்குதே, அது இன்னும் மோசம். பேட்டரி எறங்கிருச்சுன்னா நாலு பேரக் கூப்புட்டு வண்டியத் தள்ளச் சொல்லி, ரெண்டாங் கியர்ல கிளட்ச டப்புன்னு விடுவாங்க பாருங்க. ஒரு குலுக்கு குலுக்கும். கியர்ப் பல்லு, பெல்ட்டு, எஞ்சின் நிக்கற ரப்பரு, அத்தனையும் அந்த ஒரு குலுக்கல வாங்கோணும். எரியாத பெட்ரோலு சைலன்ஸர்ல போயித் தேங்கும். வசந்தாமணியோட அண்ணம் பையன் கல்யாணத்துக்குப் போறப்ப அப்படித்தான் ஆயிருச்சு. காலைல முகூர்த்தம், இங்க வாசல்ல பேட்டரி செத்துக் கெடக்குது. பக்கத்து வீட்டுக்காரங்க தள்ளறோம்னு வந்துட்டாங்க. நான் தள்ள விடல. பேட்டரிக் கடை தொறக்கட்டும்னு சொல்லிட்டேன். நாங்க போயிச் சேந்தப்ப பந்தியே முடியற நேரம். மண்டபத்துல அத்தன சனத்துக்கு முன்னால அவங்கண்ணன் என்னக் கேக்கல, அவளத்தான் கேட்டான், தாய்மாமன் சீர் வெக்கறப்பக் கூட அத்தைக்காரி இல்லாமப் போயிட்டயேம்மான்னு. அவ வர்ற வழியெல்லாம் ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தா. நான் சொன்னேன், ஒரு முகூர்த்தம் போனா இன்னொரு முகூர்த்தம் வரும், கியர்பாக்ஸ் போனா வருமான்னு. நாயந்தானுங்களே?

சொல்ல வந்தது அது இல்ல. அவ வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட கதையச் சொல்ல வந்தேன்.

பையன் ஓசூருக்குப் போன பொறவு அவளுக்குத் திடீர்னு ஒரு ஆசை. நானும் ஓட்டிப் பழகட்டுமான்னு கேட்டா. இந்த வயசுல என்னத்துக்குன்னேன். நானா கோயிலு கொளத்துக்குப் போயிட்டு வந்துக்குவேனுங்க, உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம் பாருங்கன்னா. சரி, போன்னு டிரைவிங் ஸ்கூல்ல சேத்துவுட்டேன். அங்கதான் தப்பு நடந்துச்சு. ஏறி உக்காந்த ஒடனே கிளட்ச மிதி, பிரேக்க மிதி, அப்பொறம் சாவிய போடுன்னு சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கறாங்க. லைசென்ஸ் எடுத்துட்டு வந்து நம்ம வண்டியில உக்காந்தா, எடது கால் நேராப் போயி கிளட்ச் மேல ஏறி உக்காந்துக்குச்சு.

எத்தன சொல்லியும் கேக்கல. அதாவது, சொன்னாக் கேப்பா, காலுதான் கேக்காது. பழக்கம் அப்படி. அதுக்குத்தான் நான் பக்கத்துல உக்காந்து, மில்லுல இருந்து கொண்டாந்த இரும்பு ஸ்கேலு ஒண்ண வெச்சுக்குவேன். காலு கிளட்சுப் பக்கம் போனா முட்டியில லேசா ஒரு தட்டு. அடிக்கலீங்க, ஞாபகப்படுத்தறது. அவளும் கொஞ்ச நாள்ல பழகிட்டா. வண்டியில ஏறுனா எடது கால அப்படியே மேட்டுல ஒட்டுன மாதிரி வெச்சுக்குவா, நான் ஸ்கேலு எடுக்காட்டியும் வெச்சுக்குவா. எனக்கு நொம்பச் சந்தோசம். ஒரு வாட்டி மட்டும் கேட்டா, "கிளட்ச மிதிச்சா, கியர்ல இருந்தாக் கூட வண்டி குதிக்காதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே"ன்னு. நம்ம வண்டி வீட்ல நிக்கறப்ப கியர்ல இருக்கவே இருக்காது அம்மிணி, நாந்தானே கொண்டாந்து நிறுத்தறேன்னு சொன்னேன்.

நெசந்தானுங்க. நம்ம வாசலப் பாருங்க, ரோட்டப் பாத்துச் சரிவா இருக்குது. ஹேண்ட்பிரேக்க இழுத்து இழுத்து விட்டா கேபிளு நீண்டு போயிரும், மழைக்காலத்துல பிரேக் ஷூ டிரம்முல ஒட்டிக்கும். அதனால நான் ஹேண்ட்பிரேக்கே போடறதில்ல. நியூட்ரல்ல விட்டு, முன் டயருக்கு அடியில ஒரு கல்லு அண்டக் குடுத்துருவேன். நல்ல கருங்கல்லு. அது இருந்தா லாரியே நகராது.

அன்னைக்கு அந்தக் கல்லு அது எடத்துல இல்ல.

சொல்றேன் இருங்க. ஐப்பசி மழை. நான் பொள்ளாச்சி போயிட்டுச் சாயங்காலம் வந்து வண்டிய நிறுத்தறேன், கல்லக் காணோம். பின்னாடி போயிப் பாத்தா, மொளகாச் சாக்கு மேல படுதாவப் போத்தி, அது காத்துல பறக்காம இருக்க இந்தக் கல்லத் தூக்கிப் பாரம் வெச்சிருக்கறா. வண்டிக் கல்லு வண்டிக்கு, மொளகாக் கல்லு மொளகாய்க்குன்னு இருக்கோணுமா இல்லியா? மழையில நனைஞ்சுக்கிட்டு அதத் தூக்கியாரச் சொல்றீங்களா? சரிவுல உருளாம இருக்கறதுக்கு வண்டி மொதக் கியர்லயே நின்னுச்சு. அவகிட்டச் சொல்லலாம்னுதான் உள்ள போனேன். சொல்ல விட்டுப் போச்சு. காலைல சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

காலைல சுலோச்சனா வந்துட்டா. அதான் அவ தங்கச்சி, பல்லடத்துக்காரி. எனக்குக் கொழுந்தியா. வீட்டுக்காரன் இல்லாதவ, திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குத் தெச்சுக்கிட்டு இருந்தா, பவர் டேபிளு மிஷின்ல நல்ல கைகாரி. அன்னைக்கு அவளுக்கு லீவு. அக்காளும் தங்கச்சியும் திருமூர்த்தி மலைக்குப் போறதுன்னு முன்னமே பேசி வெச்சிருக்கறாங்க. என்னக் கூட்டாம, அவங்க ரெண்டு பேருமா, வண்டியில. வசந்தாமணி தனியா வண்டிய எடுக்கறது அதுதான் மொத வாட்டி. தலைக்குத் தண்ணி வாத்து, பூ வெச்சு, பளிச்சுன்னு இருந்தா. சாவி குடுங்கன்னு கைய நீட்டுனா. நானும் குடுத்துட்டேன். குடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டேன்.

தண்ணி ஊத்தறப்பக் கேட்டுச்சுங்க அந்தச் சத்தம். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, கியர்ல ஸ்டார்ட் ஆயிருச்சுன்னு. ஒரு குலுக்கலோட நின்னிருந்தாப் பரவால்ல. எஞ்சினும் புடிச்சுக்கிச்சு. சரிவு வேற. சுலோச்சனா வண்டிக்கு முன்னால நின்னு, வாசல் இரும்புக் கேட்டோட சங்கிலியக் கழட்டிக்கிட்டு இருந்திருக்கறா. வண்டி போயி அவள அந்தக் கேட்டோட வெச்சு அழுத்தியிருக்குது. முட்டிக்கு நேரா.

அப்பவாச்சும் கிளட்ச மிதிச்சிருக்கலாமில்லீங்க? மிதிச்சிருந்தா எஞ்சினு தனி, சக்கரம் தனி. எடது கால் எதுக்கு இருக்குது? நான் ஓடியாந்து பாக்கறேன், அவ ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு அலறிக்கிட்டு இருக்கறா, எடது கால் மேட்டுல ஒட்டுன மாதிரி அப்படியே கெடக்குது. அசையவே இல்ல. நாந்தான் கதவத் தொறந்து சாவியத் திருப்பி அணைச்சேன். எங்க மிதிக்கோணும், எங்க மிதிக்கக் கூடாதுன்னு ஒரு அறிவு வேண்டாமுங்களா? ஸ்டார்ட் பண்றப்ப மிதிக்காதேன்னா, சாகறப்பவும் மிதிக்காதேன்னா அர்த்தம்?

என்ன கேட்டீங்க?

கியர்ல விட்டது யாருன்னா? அதாந் தம்பி சொன்னேனே, கல்லு எடத்துல இல்லைன்னு. கல்லு எடத்துல இருந்திருந்தா கியர்ல எதுக்கு நிக்குது? சரி, கியர்லயே நின்னுச்சுன்னு வெச்சுக்குவோம். ஆட்டிப் பாத்துட்டு சாவி போடுன்னு சொல்லியிருக்கறேனா இல்லியா? ஆட்டிப் பாக்கல. கேட்டா, வீட்ல நின்னா நியூட்ரல்லதான் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்கங்கறா. சொன்னேந்தான். அதுக்காகப் பாக்காம இருக்கறதா?

அப்பொறம் ஊரே கூடிருச்சு. சுலோச்சனாவத் தூக்கி வண்டியில போடுங்கன்னு எதுத்த வீட்டம்மா கத்துது. நாந்தான் வேண்டாம்னேன். முன்னால இடிச்சிருக்குது, ரேடியேட்டர் ஒடஞ்சிருந்தா, அதோட எடுத்து ஓட்டுனா எஞ்சினு சூடேறி சீஸ் ஆயிரும். மொதல்ல அடியில குனிஞ்சு பாக்கோணும், தண்ணி ஒழுகுதா, ஆயிலு ஒழுகுதான்னு. யாரா இருந்தாலும் அதத்தானே பாப்பாங்க? நான் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கறப்பவே யாரோ ஆட்டோ புடிச்சுட்டு வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நல்லவேளை, ஒழுகல. பம்பர் மட்டும் நசுங்கியிருந்துச்சு, மாத்திட்டேன். நீங்க எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது.

அந்தக் காலுங்களா? ஆப்பரேசன் பண்ணுனாங்க, பிளேட்டு வெச்சாங்க. நடக்கறா, சாச்சுச் சாச்சு நடக்கறா. தையல் மிஷின் மிதிக்க முடியாதுன்னு சொல்றா. வலது கால்ல மிதிச்சுத்தான் பழக்கமாம். எடது கால் நல்லாத்தானே இருக்குது, அதுல மிதிச்சுப் பழகலாமில்லீங்க? ஆஸ்பத்திரியில நான் அதச் சொன்னேன். வசந்தாமணி என்னப் பாத்தா பாருங்க ஒரு பார்வ. அதோட சரி. தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியில இருந்து நேராப் பல்லடம் போனவதான். துணிமணி எடுக்கக்கூட இங்க வரல. பையன் வந்து எடுத்துக்கிட்டுப் போனான்.

நான் போகாம இல்ல. பொங்கலுக்குப் போனேன், கரும்பு, பழம் எல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் போனேன். சுலோச்சனா உள்ள கட்டில்ல உக்காந்திருந்தா, வாங்க மாமான்னா, அவ மரியாதைக்கு ஒரு கொறையும் வெக்கல. வசந்தாமணிதான் வாசல்லயே நிறுத்திட்டா. சத்தம் போடல, ஒண்ணும் பண்ணல. ரெண்டு விசயம் சொன்னா.

"அந்த வண்டி அந்த வாசல்ல நிக்கற வரைக்கும் என்னால அங்க நடமாட முடியாதுங்க. வித்துருங்க. வித்துட்டு இங்க வந்து, எந்தங்கச்சி மொகத்தப் பாத்து, கியர்ல விட்டது நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் பொடவைய எடுத்துக்கிட்டு உங்க பின்னாலயே வந்தர்றேன்."

வண்டிய விக்கச் சொன்னது சரி. பயம் இருக்கும், பொம்பள மனசு. ஒத்துக்கிட்டேன். ரெண்டாவது சொன்னா பாருங்க, அது என்ன பேச்சுங்க? சுலோச்சனாவுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். தெரிஞ்சத எதுக்கு ஒருத்தன் போயிச் சொல்லோணும்? எங்கப்பன் காலத்துல இருந்து எங்க வம்சத்துல எவனும் மச்சினிச்சி முன்னால கையக் கட்டி நின்னதில்ல. அது கோவத்துல சொன்னது, வண்டி போயிருச்சுன்னா அதுவும் மறந்துரும்னு விட்டுட்டேன்.

அப்ப ஏன் இத்தன நாளா விக்கலன்னு கேப்பீங்க. கேட்டா. அவளும் ஃபோன்ல கேட்டா. வந்த ஆளுகளப் பத்திச் சொன்னேன். தாராபுரத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு, மளிகைக் கடைக்காரர், நல்ல மனுசன். நான் இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரி எல்லாத்தையும் சொன்னேன். சரிங்க சரிங்கன்னு தலைய ஆட்டுனாரு. ஏறி உக்காந்தாரு பாருங்க, கிளட்ச அடி வரைக்கும் மிதிச்சுட்டு சாவியத் தேடறாரு. எறங்குங்கன்னு சொல்லிட்டேன். அடுத்து ஒரு வாத்தியாரு, அவரு கிளட்சத் தொடல, ஆனா ஸ்டார்ட் ஆன ஒடனே ஆக்சிலேட்டர ஒரு அழுத்து அழுத்துனாரு. எஞ்சினு அழுவுது. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. அவரும் வேண்டாம்னு அனுப்பிட்டேன். இதச் சொன்னா வசந்தாமணிக்குப் புரியல. விக்கணும்ங்கற நெனப்பே உங்களுக்கு இல்லைங்கறா. இருக்குதுங்க. ஒரு வண்டிய இத்தன வருசம் பொத்திப் பொத்தி வெச்சிருந்துட்டு, கொண்டு போயி அடிச்சு நொறுக்கறவன் கையில குடுக்க மனசு வருமா?

சரி, எந்திரிங்க. பாக்கலாம் வாங்க. பேசிக்கிட்டே இருந்தா உங்களுக்கும் நேரமாயிரும்.

ஏறுங்க. நான் இக்கட்டால நின்னுக்கறேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்களாப் பண்ணுங்க. எடது கால்… சரி. கீழதான் இருக்குது. கியர ஆட்டுறீங்க, நல்லது. இன்னொரு வாட்டி ஆட்டுறீங்க, அது இன்னும் நல்லது. என்ன, எறங்கறீங்க? ஓ, முன்னால யாரும் நிக்கறாங்களான்னு பாக்கறீங்களா. நான் அதச் சொல்லலியே. சரி, பாத்துக்குங்க. இப்ப சாவி. பல்பு எரியட்டும். ம்.

கேட்டீங்களா சத்தத்த? ஒரு உறுத்தல் இருக்குதா சொல்லுங்க. கைய வெச்சுப் பாருங்க, துடிப்பே தெரியாது.

ஆயில் பல்பு அணையற வரைக்கும் காத்திருந்தீங்க. நான் கொறை சொல்லலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி, சொல்ல ஒண்ணும் கெடைக்கல. அணைச்சுட்டு எறங்குங்க. வண்டி உங்களுது.

விலையெல்லாம் அப்பொறம் பேசிக்கலாம். சித்தே பொறுங்க, அவளுக்கு ஒரு வார்த்த சொல்லிர்றேன். இத்தன நாளு இதுக்குத்தானே காத்துக் கெடந்தா.

அம்மிணி, நாந்தான். வித்தாச்சு. ஆமா, நெசமாத்தான், எதுக்க நிக்கறாரு. மடத்துக்குளத்துத் தம்பி. நொம்ப வெவரம், அம்மிணி. ஒரே வாட்டிதான் சொன்னேன், கப்புன்னு புடிச்சுக்கிட்டாரு. உனக்கு எத்தன வாட்டி தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன், நெனச்சுப் பாரு… இல்ல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ரெண்டாவதா? என்ன ரெண்டாவது? அட, அது எதுக்கு இப்ப. வண்டியே போவுது, இனி அதப் பேசி என்னத்துக்கு? சுலோச்சனா ஒண்ணும் கேக்கல, நீதான் புடிச்சுத் தொங்கிக்கிட்டு… சரி. சரி.

வெச்சுட்டா. என்ன சொன்னா தெரியுங்களா? வண்டிய நல்ல கையில குடுத்திருக்கீங்க, இனி உங்களுக்கு ஒரு கவலையும் இல்லைன்னா. கோவமாச் சொல்லலீங்க. சாந்தமாத்தான் சொன்னா. பாத்தீங்களா, வண்டி போயிருச்சுன்ன ஒடனே எறங்கி வந்துட்டா. நான் சொன்னேனில்ல.

எந்த நாளு வர்றான்னு மட்டும் கேக்காம விட்டுட்டேன். இருங்க, மறுக்காப் போட்டுக் கேக்கறேன். அடிக்குது. எடுக்கல. கை வேலையா இருப்பா. இன்னொரு வாட்டி.

கட் பண்ணிட்டா.

தம்பி, உங்க செல்லக் கொஞ்சம் குடுக்கறீங்களா? என் நம்பர்னா சில நேரம் அவ எடுக்கறதில்ல. இல்ல, நீங்களே பேசுங்க, அதுதான் சரி. வண்டி வாங்குனது நாந்தானுங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சும்மா சொல்றேன்னு நெனச்சுக்கிட்டாளோ என்னமோ. நம்பர் சொல்றேன், அடிங்க. எடுத்துட்டாளா? பேசுங்க, பேசுங்க. நான் அக்கட்டால போயி நிக்கறேன்.

பேசியாச்சா? இத்தன நேரம் பேசுனா, என்ன சொல்றா?

சொல்லுங்க தம்பி, பரவால்ல, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

உங்க வீட்டம்மா ஓட்டுவாங்களான்னு கேட்டாளா? ஓட்டுவாங்கன்னு சொன்னீங்களா, சரி. அதுக்கு?

கிளட்ச மிதிச்சே ஸ்டார்ட் பண்ணச் சொன்னாளா. யாரு என்ன சொன்னாலும் மிதிச்சுக்கச் சொல்லுங்கன்னாளா. தேஞ்சா மாத்திக்கலாம்னாளா.

அவ்வளவுதானுங்களா? என்னப் பத்தி ஒண்ணும் கேக்கலீங்களா?

சரி. வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க.